அளக்காமல் அழித்த கோடு

அந்தக் கோட்டை அழித்தது அவள்தான். வேறு யார் தலையிலும் போட முடியாது. கோப்பின் அடியில் அவள் கையெழுத்தே பல்லை இளித்தது.

கடலுக்குள் ஒலியை அனுப்பி, அடியிலிருந்து திரும்பிவரும் அதிர்வுகளைப் படமாக்கும் அலுவலகம் அது. மூன்று வாரத்துக்கு முன், ஒரு படத்தில் கடல்தரைக்குக் கீழே, அதைப் போலவே வளைந்து நெளிந்து ஒரு கோடு தெரிந்தது. ஒலி தரைக்கும் நீர்மட்டத்துக்கும் இருமுறை போய்வந்தால் இப்படிப் பொய்க்கோடு விழும். எதிரொலிதான் என்று துடைத்துப் போட்டாள். பொய்க்கோடு என்றால் தரைக்கோடு விழும் நேரத்துக்குச் சரியாக இரட்டிப்பு நேரத்தில் விழ வேண்டும். அளக்க இரண்டு நிமிடம் போதும். மகளின் பள்ளி விடும் நேரம். அந்த இரண்டு நிமிடம் பெரிதாகப் போய்விட்டது.

இன்று பக்கத்துப் படத்திலும் அதே கோடு. அளந்தாள். இரட்டிப்பு இல்லை. தரை கறுப்பாக விழுந்திருக்க, இது தலைகீழாய் வெள்ளையாக விழுந்திருந்தது. அடியில் வாயு இருந்தால் இப்படி நிறம் மாறும். அடக் கடவுளே! குளிரிலும் அழுத்தத்திலும் மீத்தேனும் தண்ணீரும் சேர்ந்து பனிக்கட்டியாய் உறைந்த அடுக்கு. அதற்கடியில் அடைபட்ட வாயு. துளைத்தால் பீறிட்டுக்கொண்டு வரும். காலையிலிருந்து, அவள் கோட்டை அழித்த அதே இடத்தில் துளைத்துக்கொண்டிருக்கும் கப்பலில் அவள் தம்பி இருந்தான்.

வானிலை சரியில்லை என்று சாக்குச் சொல்லி நிறுத்திவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. சீ, நீயெல்லாம் ஒரு மனுஷியா என்று தன்னையே திட்டிக்கொண்டு தலைமைப் பொறியாளரின் அறைக்கு ஓடினாள்.

"சார், துளைக்கிறத உடனே நிறுத்தச் சொல்லுங்க. படத்துல நான் தப்பு பண்ணிட்டேன்."

அவர் முதலில் தொலைபேசியைத்தான் எடுத்தார். கோட்டுக்கு இருபது மீட்டர் மேலே துளை நின்றது.

"இதைக்கூடவா அளந்து பாக்கல?" என்றார் பிறகு.

மாலையில் தம்பி கூப்பிட்டான். "எந்தப் புண்ணியவான் பாக்காம விட்டானோ! நல்லவேளை, உன் கண்ணுல பட்டுச்சு. எங்க அக்காதான் காப்பாத்துனாங்கன்னு கப்பல் பூரா சொல்லிட்டேன்."

சும்மா இருந்திருந்தால் போதும். அவளால் முடியவில்லை.

"அந்தப் புண்ணியவதி நான்தான்டா. அவசரத்துல அளக்காம அழிச்சிட்டேன்."



"அக்கா, நான் இங்க இல்லாட்டியும் இப்படி ஓடியிருப்பியா?"

"ஓடியிருப்பேன்டா."

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. கப்பலில் இன்னும் நாற்பது பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவரைக்கூட அவள் இன்று முழுக்க நினைக்கவில்லை.