கத்துற குட்டிதான் வேணும்

நாய்க்குட்டி எடுக்கறதுக்கு எங்க பக்கம் ஒரு வழக்கம் இருக்குது. குட்டியோட காதப் புடிச்சி அந்தரத்துல தூக்கணும். வலி தாங்காம கத்துச்சின்னா அது சோதாக் குட்டி, கீழ வுட்டுடணும். சத்தமே போடாம தொங்குச்சின்னா அதான் ரோஷமான குட்டி, மடியில கட்டிக்கினு வந்துடணும். இந்த வழக்கத்த எந்த மகராசன் கண்டுபுடிச்சானோ, அவன் காதப் புடிச்சி ஒரு தரம் தூக்கிப் பாக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை.

எங்க வீராயிய அப்படித்தான் எடுத்தாரு எங்க வூட்டுக்காரரு பிச்சைமுத்து. கல்வராயன் மலைக்கு மரவள்ளிக் கெழங்கு புடுங்கற வேலைக்குப் போனவரு, வேலை குடுத்த மாதன் வூட்ல நாலு குட்டியத் தூக்கிப் பாத்தாராம். மூணு கத்துச்சாம். செவலையா இருந்த ஒண்ணு மட்டும் கண்ண உருட்டிக்கினு தொங்குச்சாம். அதத் துண்டுல சுத்திக்கினு எங்க ஊரு வடக்கனந்தல்ல வந்து எறங்குனாரு பாருங்க, மெடல் வாங்குனவராட்டம் நெஞ்ச நிமித்திக்கினு. "ஒரு முனகல் இல்ல தெரியுமா"ன்னு டீக்கடை டீக்கடையா சொல்லிக்கினு திரிஞ்சாரு.

எடுத்தது அவருன்னாலும் வீராயி என் நாய்தான். எட்டு வருஷம் என் காலையே சுத்திக்கினு இருந்திச்சி. கரும்பு வெட்டப் போனா எனக்கு முன்னாடி அது கரும்புக் கொல்லைக்குள்ள பூந்து ஒரு சுத்து சுத்திட்டு வரும், அப்புறந்தான் நான் எறங்கணும். தூக்குச்சட்டி சோத்துல பாதி அதுக்கு. மழைக்கு ஒதுங்கினா என் முதுவோட முதுவு ஒட்டிக்கினு ஒக்காரும். நான் பெத்த பொண்ணு எழில்மதி கூட என்கிட்ட அவ்ளோ ஒட்டினது இல்ல. சொன்னா அவளுக்குக் கோவம் வரும், வரட்டும்.

போன மாசியில கச்சிராயபாளையத்தாண்ட வாய்க்கா ஓரமா ஒரு கொல்லையில வெட்டு. நான் குனிஞ்ச எடத்துல, காஞ்ச கரும்புச் சோகைக்கு அடியில கண்ணாடி விரியன் கெடந்திருக்குது. எனக்குத் தெரியல. வீராயி குறுக்கால பாஞ்சிச்சி. பாம்பு அந்தாண்ட நெளிஞ்சி ஓடறப்பதான் நான் அதப் பாத்தேன். கேங் மேஸ்திரி தீனதயாளன் ஓடியாந்து, "நாய் இன்னிக்கு உன் உசுர காப்பாத்திச்சி போ"ன்னாரு. நான் அது ஒடம்பத் தடவிப் பாத்தேன். ரத்தம் ஒண்ணும் தெரியல. அதுவும் கத்தல, வாலத்தான் ஆட்டிச்சி. சரின்னு நானும் கத்திய எடுத்துக்கினு வேலையப் பாக்கப் போயிட்டேன்.

சாயங்காலம் என் கூட நடந்தே வூட்டுக்கு வந்திச்சி. சோறு வெச்சேன். மோந்து பாத்துட்டுப் படுத்துக்கிச்சி. "இன்னாடி ராங்கி, கருவாடு இல்லன்னா எறங்காதா உனக்கு?"ன்னு திட்டினேன். ஆமா, திட்டினேன். காலையில பாக்கறேன், கழுத்து வீங்கி வெறச்சிக் கெடக்குது. தாடைக்கு அடியில ரெண்டு பொட்டு. ஒரே ஒரு தரம் கத்தியிருந்தா மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கினு ஓடியிருப்பேனே. பொழைச்சிதோ இல்லியோ, ஓடியாவது பாத்திருப்பேனே பாவி.

தெருவுல ஒருத்தரு பாக்கியில்லாம வந்து, "யாருக்கும் தொந்தரவு குடுக்காம போச்சே, அதான் நல்ல நாய்"ன்னாங்க. எனக்கு வயிறு எரிஞ்சிது. ஏன்னா அதே பேச்சத்தான் என்னையும் பேசுவாங்க. "கோகிலவாணியப் பாருங்க, கரும்புக் கட்டத் தூக்கிக்கினு லாரிப் பலகை மேல ஏறினா ஒரு முனகல் உண்டா?"ன்னு தீனதயாளன் மத்த பொம்பளைங்களுக்கு என்னக் காட்டித்தான் பாடம் எடுப்பாரு. அந்தப் பேச்சுக்கு மயங்கி நானும் பல்லக் கடிச்சிக்கினு ஏறினேன். என் வலது தோளு ஒரு வருஷமா குத்துது. தலை வாரக் கை மேல போவல. யாருகிட்டயும் சொல்லல. கெட்டிக்காரின்னு பேரெடுத்தவளாச்சே, எப்டி சொல்றது?

இந்தத் தையில மாதன் போன் போட்டாரு. அவரு வூட்டு நாய் அஞ்சி குட்டி போட்டிருக்குதாம், வீராயி வம்சந்தானாம். "காசெல்லாம் வாணாங்க, மலைக்கு வரும்போது ஒரு படி உப்பு கொண்டாங்க, போதும்"னாரு. எங்க வூட்டுக்காரரு அன்னிக்கே நீல டிரம்ம பாதியா அறுத்து, சாக்கு மடிச்சிப் போட்டு வூடு கட்டிட்டாரு. எழில்மதி புதுத் தட்டு வாங்கியாந்தா. வீராயி கழுத்து வாரு எங்கன்னு கேட்டாங்க. "அது பொட்டியில இருக்குது, அங்கயே இருக்கட்டும். அது அவளோடது"ன்னுட்டேன். அப்புறம் எங்க வூட்டுக்காரரப் பாத்து, "இந்த வாட்டி குட்டிய நாந்தான் எடுப்பேன், ஆமா"ன்னேன். அவரு சிரிச்சாரு. நான் வெளாட்டுக்குச் சொல்றேன்னு நெனச்சிட்டாரு.

ஞாயித்துக்கெழம மலை பஸ்ஸேறி மாதன் வூட்டுக்குப் போனோம். அவரு சம்சாரம் பெருமாயி உப்ப வாங்கி உள்ள வெச்சிட்டு, கூடையத் தொறந்து வுட்டாங்க. எங்க வூட்டுக்காரரு குந்திக்கினு ஆரம்பிச்சிட்டாரு. ரெண்டு குட்டி லேசா கத்திச்சி. மூணாவது, கருப்பு, ஒரு காலு மட்டும் வெள்ளை. அது கால் தரைய வுட்டே எழும்பல, அதுக்குள்ள மலையே அதிர்ற மாதிரி ஒரு கத்து. "அட சனியனே, நீ எதுக்கும் லாயக்கில்ல"ன்னு கீழ வுட்டாரு. நாலாவது செவலை. தூக்கினாரு. வாயத் தொறக்கல.

"பாத்தியா கோகிலா! வீராயியே திரும்பி வந்த மாதிரி!"

நான் குனிஞ்சி கருப்புக் குட்டியத் தூக்கி முந்தானையில சுத்திக்கினேன். அது இன்னமும் கத்திக்கினே இருந்திச்சி.

"ஏண்டி, அதப் போயி எடுக்கற?"

"இதான் எனக்கு வேணும்."

"அம்மா, அது தொட்டாலே அழுவும், உங்களத் தூங்கவே வுடாது"ன்னாங்க பெருமாயி.

"தூங்கலன்னா பரவால்லங்க."

"ஊரு சிரிக்கும்டி"ன்னாரு எங்க வூட்டுக்காரரு.

எனக்கு எங்கேந்துதான் வந்துதோ அவ்ளோ கோவம். "சிரிக்கட்டும்யா! வீராயி பொணமா கெடந்தப்ப எந்த ஊரு வந்து அழுதுச்சி? கத்தாத நாயின்னு பெருமையா கட்டிக்கினு வந்தியே, அது கத்தாமலே செத்துப் போச்சி. நான் அதத் திட்டிக்கினு நின்னேன். இந்தக் குட்டி வலிச்சா வலிக்குதுன்னு சொல்லுது. அந்தப் புத்தி உனக்கும் இல்ல, எனக்கும் இல்ல. எனக்கு இதான் வேணும். உனக்கு அதான் வேணும்னா நீ இங்கயே கெட, நான் பஸ்ஸுக்குப் போறேன்."

மாதன் தலையச் சொறிஞ்சிக்கினு, "எடுத்துக்கினு போவட்டும் வுடுங்க"ன்னாரு. எங்க வூட்டுக்காரரு செவலைய கீழ வுட்டுட்டு, என் பின்னால வந்தாரு. மலை எறங்கற வரைக்கும் குட்டி கத்துச்சி. "வாயக் கட்டும்மா அதுக்கு"ன்னாரு கண்டக்டரு. "உங்க பஸ்ஸு ஆரன்ன வுட கம்மியாத்தான் கத்துது"ன்னேன்.

மறுநாள் காலையில நான் அடுப்புல இருந்தேன். டிரம்மாண்ட வீல்னு ஒரு சத்தம். நான் எழுந்திருக்கறதுக்குள்ள எங்க வூட்டுக்காரரு வாயில பிரஷ்ஷோட ஓடினாரு. சாக்கு பூரா கட்டெறும்பு. பிரஷ்ஷ வீசிட்டு குட்டிய மடியில போட்டுக்கினு, வெரலுக்கு எடையில பூந்தத ஒவ்வொண்ணா எடுக்கறாரு. "எங்கடா வலிக்குது? இங்கியா? எங்கன்னு காட்டுடா"ன்னு அதுகிட்ட கெஞ்சிக்கினு இருந்தாரு. நேத்து லாயக்கில்லன்ன அதே வாயி.

அப்ப தெருவுல டாட்டா ஏஸ் ஆரன் அடிச்சிது. கேங் பொம்பளைங்க எல்லாம் ஏறி ஒக்காந்திருந்தாங்க. "இன்னா கோகிலவாணி, லேட்டு? இன்னிக்கு லோடு ஜாஸ்தி, வா வா"ன்னாரு தீனதயாளன்.

"நான் வரல"ன்னேன்.

"ஏன்?"

"தோளு வலிக்குது. ஒரு வருஷமா வலிக்குது. இன்னிக்கு ஆஸ்பத்திரிக்குப் போறேன். இனிமே என்னக் காட்டி யாருக்கும் பாடம் எடுக்காதீங்க."

தீனதயாளன் வண்டியத் தட்டி கெளம்பச் சொன்னாரு. வண்டி போயிடிச்சி. திரும்பினேன். எங்க வூட்டுக்காரரு குட்டியக் கையில வெச்சிக்கினு என்னையே பாத்துக்கினு நின்னாரு.

"ஒரு வருஷமாவா?"

"ஆமா."

கிட்ட வந்தாரு. குட்டியக் கேட்ட அதே கொரல்ல, "எங்க வலிக்குது?"ன்னு கேட்டாரு.

தொட்டுக் காட்டினேன். அவரு வெரல் அங்க பட்டுச்சி. நான் பல்லக் கடிக்கல. "அம்மா!"ன்னு தெருக்கோடி வரைக்கும் கேக்கற மாதிரி கத்தினேன்.