தொழுகை வரிசையில் இல்லாதவர்கள்

வட்டச் செயலாளர் கட்சிக் கொடியை உதறி விரித்து, மைதீன் பிச்சையின் நெஞ்சுமேல் போர்த்தக் குனிந்தார். உள்ளறை வாசலில் நின்றபடியே ரம்லா தடுத்தாள். உடலைச் சுற்றும் கபன் துணி மூன்றுதான், நாலாவது துணி இந்த வீட்டில் கிடையாது என்றாள். நாற்பத்து மூன்று வருடம் வக்கீல் மனைவியாக இருந்தவள், குரலை உயர்த்தாமலே ஆளை உட்கார வைப்பாள். செயலாளர் கொடியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

விடிகாலைத் தொழுகை முடிந்த கையோடு உயிர் போயிருந்தது. சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். மகன் சஹீருக்கு அதற்குள் ஒரு வேலை பாக்கி இருந்தது. அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தான்.

ஜனாஸா தொழுகைக்கு முன்னால் வாரிசு எழுந்து நின்று, இறந்தவர் யார் மனதையாவது நோகடித்திருந்தால் மன்னித்துவிடுங்கள் என்று கேட்பது வழக்கம். மன்னித்தோம் என்று வரிசையில் நிற்பவர்கள் சொல்வார்கள். போன வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக் கட்டிலில் அத்தா அதைத்தான் பேசினார்.

"சஹீரு, வரிசையில நிக்கறவங்க எல்லாரும் மன்னிச்சுட்டோம்னு சொல்லிப்போடுவாங்க. அவங்க மன்னிக்கறதுக்கு என்ன இருக்குது? கோமளாம்மா வரிசையில இருக்காது. நீ போய்க் கேளு."

கோமளா யாரென்று சஹீருக்குத் தெரியும். உக்கடம் மீன் மார்க்கெட்டில் மீன் கழுவிக்கொடுத்தவள். குளக்கரையில் குடியிருந்த இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களை அப்புறப்படுத்தக் கூடாது என்று போட்ட வழக்கில் முதல் மனுதாரர். அத்தா ஒன்பது வருடம் அந்த வழக்கை இலவசமாக நடத்தினார். அந்தக் கறுப்புக் கோட்டைப் பார்த்துத்தான் ஜனங்கள் முதலில் அவரைக் கவுன்சிலராக்கினார்கள், பிறகு எம்.எல்.ஏ. ஆக்கினார்கள். எம்.எல்.ஏ. ஆன இரண்டாம் வருடம் அவரே குளக்கரைக்குப் போய், வழக்கை வாபஸ் வாங்குங்கள், இதே இடத்தில் மாடி வீடு வரும் என்று கைகூப்பிச் சொன்னார். மேலே இருந்தவர்கள் அவரிடம் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். கோர்ட்டில் ஒரு கமாவைக்கூட நம்பாத மனுஷன், கட்சி ஆபீஸில் வாய்வார்த்தையை நம்பினார். வீடு வந்தது, பதினான்கு கிலோமீட்டர் தள்ளி. அடுத்த தேர்தலில் தோற்ற பிறகு அத்தா அந்தப் பக்கமே போகவில்லை.

ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டே சஹீருக்குக் கோபம் வந்தது. தோற்ற பிறகு பன்னிரண்டு வருடம் காலும் இருந்தது, காரும் இருந்தது, அவரே போயிருக்கலாம். நீதிபதி முன்னால் நாள் முழுக்கப் பேசத் தெரிந்தவருக்கு இதற்கு மட்டும் நாக்கு எழவில்லை, மகன் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டார். அழுகையும் கூடவே வந்ததால் ஒரு பேக்கரி ஓரமாக நிறுத்தி முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

குடியிருப்பின் இரண்டாம் மாடியில், ஓட்டல்காரர்களுக்காகச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள் கோமளா. அடையாளம் சொன்னதும் எழுந்து தண்ணீர் கொண்டுவந்தாள். சாவுச் செய்தி அவளுக்கு முன்னமே வந்திருந்தது. அவன் கேட்க வந்ததைக் கேட்டான். வெயில் வாசற்படிவரை வந்து நின்றிருந்தது. அவள் உட்கார்ந்து இன்னும் நாலைந்து வெங்காயம் உரித்தாள்.

"அய்யா சொன்னாருன்னு நாந்தானுங்க ஊடு ஊடாப் போயி கையெழுத்து வாங்குனேன். நாந்தான் காசு வாங்கிட்டு வித்துப்போட்டேன்னு இன்னிக்கும் பேசறாங்க. தண்ணி புடிக்கப் போனா வழி உடமாட்டாங்க. எனக்கே மன்னிப்பு கெடைக்கலீங்க தம்பி. நா எங்கிருந்து எடுத்துக் குடுக்கறது?"

அவள் உரித்த தோலை ஓரமாக ஒதுக்கினாள்.

"அய்யா ஒரு நா வந்து, நாஞ் சொல்லித்தான் அந்தம்மா செஞ்சுதுன்னு எல்லார்த்துக்கும் மின்ன ஒரு வார்த்தை சொல்லியிருந்தாப் போதுமுங்க."

சஹீர் கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினான். மன்னிப்பில்லாமல்தான் அத்தா மண்ணுக்குள் போகப்போகிறார் என்று நினைத்துக்கொண்டே ஸ்கூட்டரைக் கிளப்பினான்.

பள்ளிவாசல் முற்றம் நிறைந்து தெருவரைக்கும் கூட்டம் நின்றது. முன்வரிசையில் கட்சிக்காரர்கள், அடுத்து வக்கீல்கள், பின்னால் பழைய குளக்கரைக்காரர்கள் பலர். தொழுகை நடத்தும் ஹஜ்ரத் மைக்கை நீட்டினார். வழக்கமான இரண்டு வரியைச் சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கலாம், யாரும் குறை சொல்லப்போவதில்லை. சஹீர் மைக்கைக் கொடுக்கவில்லை.

"குளக்கரை வழக்கை வாபஸ் வாங்கச் சொன்னது எங்கத்தாதானுங்க. கோமளாம்மா ஒரு பைசா வாங்கல. அவங்க பேர்ல ஒரு தப்பும் இல்லீங்க. தப்பு எங்கத்தாவோடது. முடிஞ்சா அவரை மன்னிச்சிருங்க."

செயலாளர் திரும்பிப் பக்கத்து ஆளைப் பார்த்தார். உடனே வரும் பதில் அன்று தாமதமாக, அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்தது. பின்வரிசையில் சிலர் சொல்லவே இல்லை. ஹஜ்ரத் தக்பீர் கட்டித் தொழுகையைத் தொடங்கினார்.

குழியை மூடி எல்லோரும் மூன்று கை மண் போட்டு முடித்தபோது, மையவாடிக் கேட்டுக்கு வெளியே கோமளா நிற்பதைச் சஹீர் கண்டான். பஸ் பிடித்து வந்திருக்கிறாள், மைக்கில் பேசியதும் காதில் விழுந்திருக்கும்.

"எங்க சனத்துல ஒரு கை மண்ணு போடுவோமுங்க. நா உள்ளார வரலாமுங்களா?"

பெண்கள் உள்ளே வருவதில்லை. சஹீர் ஹஜ்ரத்தைப் பார்த்தான். மண்ணை வெளியே கொண்டுபோய்க் காட்டுங்க, அவங்க அள்ளித் தர்றதை நீங்க கொண்டுவந்து போடுங்க, அதற்கு யார் என்ன சொல்வது என்றார் அவர். சஹீர் இரும்புச் சட்டியில் மண் அள்ளி, கேட்டைத் தாண்டிக் கொண்டுபோய் அவள் முன்னால் பிடித்தான்.

கோமளா ஒரு கை அள்ளினாள். உடனே போடவில்லை. உள்ளங்கையை விரித்து, மண்ணில் கிடந்த சரளைக் கற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சாலையோரம் போட்டாள். கல் இல்லாத மண்ணை மெதுவாகச் சட்டியில் திரும்பக் கொட்டினாள்.