மஞ்சக் கடுதாசி வக்கீல்

1974-ல் செங்கல்பட்டில் கடன் தாங்காமல் திவால் மனு போட நினைப்பவர்கள் நேராக வக்கீல் கிஃபாயத்துல்லாவிடம்தான் வருவார்கள். 'மஞ்சக் கடுதாசி வக்கீல்' என்றால் ரிக்‌ஷாக்காரர்களுக்கும் வீடு தெரியும். பதினெட்டு வருஷத் தொழில். ஆனால் மனு எழுதுமுன் சட்டத்தை முழுசாக விளக்கிவிடுவார். கேட்டு முடித்ததும் பாதிப் பேர், "வேணாம் சார், பேசியே தீர்த்துக்கறேன்" என்று எழுந்து போய்விடுவார்கள்.

அந்தக் கார்த்திகையில் மாமல்லபுரத்தில் லாட்ஜ் நடத்திய சம்பூர்ணம் ஆள் அனுப்பினாள். புயலில் கூரை பிய்ந்து, தொழில் படுத்து, கடன் கொடுத்த ஒன்பது பேர் வாசலில் நின்றார்கள். கிஃபாயத்துல்லா போனபோது மதுராந்தகம் அரிசி வியாபாரி வரதன் கட்டில்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், சட்டம் பேச வந்துகினீங்களா? எனக்கு என் டப்பு வேணும்!"

"கட்டிலை எறக்குங்க, சொல்றேன்."

குச்சியால் மணலில் பெரிய வட்டம் போட்டார். "இதுதான் லாட்ஜ். மனு போட்டா கோர்ட்டு கைக்குப் போயிடும். ஏலம் விட்டு, செலவு போக மிச்சத்தை ஒன்பது பேருக்கும் பங்கு போடுவாங்க." வட்டத்தைக் கோடுகளால் அறுத்தார். வரதனின் பங்கு உள்ளங்கை அகலம்கூட இல்லை.

வரதன் அதையே பார்த்தார். "பொங்கலுக்குக் கூட்டம் வருமா, சம்பூர்ணம்?"

"வரும் அண்ணாத்த. கூரையை மட்டும் போட்டுக்கறேன்."

கட்டில்கள் உள்ளே போயின. எல்லாருக்கும் மீன்குழம்புச் சாப்பாடு.

லாட்ஜில் தங்கியிருந்த ஒரே ஆள், சென்னையில் சட்டம் கற்பிக்கும் பேராசிரியர் ஏசுதாஸ், வக்கீலின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ரெண்டு வருஷமா இந்தப் பாடம் நடத்தறேன். இன்னிக்குத்தான் எனக்கே புரிஞ்சது. எங்க கல்லூரிக்கு வர்றீங்களா?"

நாற்பத்தாறு வயதில் வேலை மாறுவதா என்று தயங்கினார் கிஃபாயத்துல்லா. மனைவி ஷரீபுன்னிசா தயங்கவில்லை. "போங்க. இங்க சும்மா சொல்லிக்குடுக்கறதுக்கு அங்க சம்பளமாவது வரும்."

முதல் வகுப்பில் எண்பது பேர். அவருக்கு வியர்த்துவிட்டது. கடைசி வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான்: "சார், திவாலானவன் வூட்டு இட்லிப் பானையையும் எடுத்துப்பாங்களா?"

வகுப்பே சிரித்தது. அவருக்கோ பயம் போய்விட்டது. கட்சிக்காரர்கள் தினமும் கேட்கும் கேள்வி அது.

"மாட்டாங்க. சமையல் பாத்திரம், கட்டின துணி, தொழில் கருவி இதையெல்லாம் சட்டம் தொடாது. ஏன்? அவன் நாளைக்கு எழுந்து நிக்கணும்."

சிரிப்பு நின்றது. பேனாக்கள் ஓடின. மணியடித்தும் யாரும் எழவில்லை.

திரும்பும் ரயிலில் எதிரே இருந்த விவசாயியிடம் மறுநாள் பாடத்தைச் சொல்லத் தொடங்கினார். சிங்கப்பெருமாள் கோயில் போனது, இவர் இறங்க வேண்டிய செங்கல்பட்டும் போனது. விவசாயியின் ஊரான படாளத்தில்தான் இரண்டு பேரும் இறங்கினார்கள். இவர் மட்டும் சிரித்துக்கொண்டே பஸ் பிடித்து ஊர் திரும்பினார்.