ரெனாவின் குரல்

எங்கள் ஆம்பூரில் தொழுகைக்காக வெள்ளிக்கிழமை லீவு விடும் கம்பெனியும் உண்டு, ஞாயிற்றுக்கிழமை லீவு விடும் கம்பெனியும் உண்டு. இங்கே பிறந்தவனுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. தொல்லை சினிமாவில்தான். புதுப்படம் வெள்ளிக்கிழமை வருகிறது. வெள்ளி லீவுக்காரன் அன்றைக்கே பார்த்துவிடுகிறான். ஞாயிறு லீவுக்காரன் அதுவரை காதைப் பொத்திக்கொண்டு திரிய வேண்டும். அதனால் எங்கள் 'ஏழாம் கரை' வாட்ஸாப் குழுவில் ஒரு சட்டம் வைத்தோம். வெள்ளிக்கிழமை பார்த்தவன் 'பாத்தாச்சு' என்று மட்டும் போடலாம். ஞாயிறு சாயந்திரம் வரை அதற்கு மேல் வாய் திறக்கக் கூடாது.

'ஏழாம் கரை' தமிழில் டப் செய்து வரும் ஆங்கில விண்வெளிப் படம். நாலு பாகம் வந்திருந்தது. எடுப்பவர்கள் போன பாகத்தை மறுபடி போட்டுப் பார்ப்பதில்லை போலிருக்கிறது. ஒன்றில் வெடித்துச் சிதறிய நிலா அடுத்ததில் முழுசாக நிற்கும். அந்த ஓட்டைகளுக்கு ஒட்டுப் போடுவதுதான் குழுவின் வேலை, ஆளுக்கொரு தியரி. எனக்குத் தியரி கிடையாது. எடுத்தவனுக்கே இல்லாத அக்கறை உங்களுக்கு எதற்கு என்று கேட்பதோடு சரி. குழுவை ஆரம்பித்ததும் நான்தான் என்பது வேறு விஷயம்.

பெரிய சண்டை ரெனாவைப் பற்றியது. ரெனா விண்கலம் ஓட்டுபவள். இரண்டாம் பாகத்தில் மற்றவர்களைத் தப்ப விட்டுவிட்டு, உடைந்த கலத்திலேயே தங்கிவிடுகிறாள். கதை அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம். நாலாம் பாகத்தில் வேறொரு கலம் தூசி மேகத்தில் மாட்டிக்கொள்கிறது. அப்போது ரேடியோவில் ஒரு பெண் குரல், "இடப்பக்கம் திருப்பு" என்கிறது. திருப்புகிறார்கள், பிழைக்கிறார்கள். பேசியது யார் என்று கடைசி வரை சொல்லவில்லை.

"அது ரெனா. அவ சாகல" என்றாள் சௌந்தர்யா. ஷூ கம்பெனியில் தையல் செக்‌ஷனில் வேலை பார்த்தவள். பேச்சும் மிஷின் வேகம்தான்.

வக்கார் அகமது என்னோடு டேனரியில் இருப்பவர். தோலைப் பார்த்துத் தரம் பிரிப்பது அவர் வேலை. ஊசிமுனை ஓட்டையாக இருந்தாலும் தூக்கி மட்ட ரகத் தோலோடு போட்டுவிடுவார். மனுஷர் பேச்சையும் அப்படித்தான் பார்ப்பார்.

"தங்கச்சி, அது டப்பிங்" என்றார். "தமிழ்ல ரெண்டு பேருக்கும் ஒரே பொம்பளைய பேச வெச்சிட்டான். இங்கிலீஷ்ல பாரு, வேற குரல்."

"நான் இன்னாத்துக்கு பாய் இங்கிலீஷ்ல பாக்கணும்? நான் பாத்த படத்துல ரெனாதான் பேசினா."

இந்த ஒரே வாதத்தை இருவரும் வருஷக்கணக்கில் சலிக்காமல் ஓட்டினார்கள். ஒரு வாரம் அவள் எதுவும் போடவில்லை என்றால், தங்கச்சிக்கு உடம்பு சரியில்லையா என்று வக்கார் பாய் என்னிடம் விசாரிப்பார்.

போன மழைக்காலத்தில் நிஜமாகவே காய்ச்சல் என்று படுத்தாள். எழுந்திருக்கவில்லை.

அவள் புருஷன் ஹேமந்த் அதே கம்பெனியில் பேக்கிங். தியேட்டரில் உட்கார வைத்தால் தூங்கிவிடும் ஆள். காரியம் முடிந்த கொஞ்ச நாளில் சௌந்தர்யாவின் நம்பரிலிருந்து குழுவுக்கு ஒரு மெசேஜ் வந்தது. 'நான் ஹேமந்த். ரெனா சாகலன்னு அவ சொல்வா. அவளுக்குப் பதிலா நான் இருக்கலாமா?' வக்கார் பாய்தான் 'இரு' என்று போட்டார்.

அதன் பிறகு ஹேமந்த் அவள் சொன்னதையே திருப்பிச் சொல்வான். குறுக்குக் கேள்வி கேட்டால் விழிப்பான். வக்கார் பாய் கேட்பதையே விட்டுவிட்டார். "அஞ்சாம் பாகத்துல ரெனா வருவா பாய். அவ சொன்னது ஜெயிச்சிரும்" என்று மாசக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் சம்பந்தமாக அவன் எதிர்பார்ப்பதற்கு அது ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

அஞ்சாம் பாகம் வந்த வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து வக்கார் பாயும் நானும் வேலூருக்கு பஸ் ஏறினோம். இடைவேளைக்குப் பிறகு ரேடியோ அதிகாரி என்று ஒருத்தி வந்தாள். "அன்றைக்கு இடப்பக்கம் திருப்பச் சொன்னது நான்தான். ரெனா எப்போதோ இறந்துவிட்டாள்" என்றாள். அவ்வளவுதான். வருஷக்கணக்கான சண்டையில் வக்கார் பாய் ஜெயித்துவிட்டார். திரும்பிப் பார்த்தேன். வாங்கிய பாப்கார்ன் மடியில் அப்படியே இருந்தது.

"பாய், ஹேமந்த படத்துக்குப் போவாதன்னு சொல்லிடலாமா?" என்றேன் வெளியே வந்து.

"சட்டம் சட்டந்தான் ஜெயசீலா."

'பாத்தாச்சு' என்று போட்டார். உடனே பதில் வந்தது. 'சரி பாய். ஞாயித்துக்கெழம பேசிக்கலாம்.' கூடவே ஒரு சிரிக்கிற மூஞ்சி. எனக்குப் பேஜாராகிவிட்டது.

மறுநாள் வக்கார் பாய் பல்வலி என்று அரை நாள் லீவு போட்டார். தாடை வீங்கிய போதுகூட வேலைக்கு வந்தவர் அவர். மறுபடி வேலூர் பஸ்ஸில் ஏறினாரா என்று நான் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஹேமந்த் தனியாகப் படம் பார்த்தான். நாங்கள் தியேட்டருக்கு எதிரே டீக்கடையில் காத்திருந்தோம். இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து உட்கார்ந்தான். டீ வந்தது, குடிக்கவில்லை.

"தப்பாப் போச்சு பாய்" என்றான். "செத்துட்டாளாம்."

எங்கோ உட்கார்ந்து இந்த வசனத்தை எழுதியவனை மனசுக்குள் நன்றாகத் திட்டினேன்.

"யாரு சொன்னா?" என்றார் வக்கார் பாய்.

"அந்த ரேடியோ ஆபீசர்தான் சொன்னாளே."

"அவ குரல கேட்ட இல்ல? நாலாம் பாகத்துல பேசின குரலா அது?"

ஹேமந்த் சட்டைப் பையிலிருந்து சௌந்தர்யாவின் போனை எடுத்தான். நாலாம் பாகத்தில் அந்தக் குரல் வரும் துண்டை அவள் அதில் சேமித்து வைத்திருந்தாள். இடப்பக்கம் திருப்பு. மறுபடி போட்டான். இடப்பக்கம் திருப்பு.

"இல்ல பாய். இது வேற குரல்."

"அப்ப அந்த ஆபீசர் பொய் சொல்றா. அன்னிக்குப் பேசினது அவ இல்ல."

ஹேமந்த் அவரையே பார்த்தான். "டப்பிங்க கணக்குல சேக்கக் கூடாதுன்னு நீங்கதான பாய் சொல்வீங்க?"

"நான் பாத்த படத்துல குரல் வேற. அவ்ளோதான்."

இந்தத் தடவை டப்பிங்குக்கு வேறு ஆளைக் கூப்பிட்டிருப்பார்கள். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். என் வாய் சும்மா இருக்காது. அன்றைக்கு இருந்தது.

வக்கார் பாய் நிம்மதியாக இன்னொரு டீ சொன்னார். ஹேமந்த் ஆறிய டீயைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"ஒத்துக்க மாட்டேன் பாய்."

"இன்னா?"

"பொய் சொல்றான்னா எதுக்குச் சொல்றா? காரணம் இல்லாம சொல்வாளா? இதுல ஓட்டை இருக்குது."

இதைச் சௌந்தர்யா சொல்லிக் கொடுத்திருக்க முடியாது. அஞ்சாம் பாகத்தை அவள் பார்க்கவே இல்லை. வக்கார் பாய் கிளாஸைக் கீழே வைத்தார்.

"தெரியலப்பா. நீயே சொல்லு."

ஹேமந்த் ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். "ரெனா எங்க இருக்கான்னு அவளுக்குத் தெரியும் பாய். யாரும் தேடிக்கினு போய் கஷ்டப்படக் கூடாதுன்னு ரெனாவே சொல்லியிருப்பா. அதான் செத்துட்டான்னு சொல்றா."

வக்கார் பாய் தோலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது போல அதை முன்னும் பின்னும் யோசித்தார். "ஓட்டை இல்ல" என்றார். "குரூப்புல போடு."

ஹேமந்த் போனைத் திறந்தான், தயங்கினான். "அவ நம்பர்லயா?"

"இது நீ சொன்னது. உன் நம்பர்ல போடு."

ஹேமந்தின் நம்பர் குழுவில் இல்லை. அட்மின் நான்தான், அங்கேயே அதைச் சேர்த்தேன். சௌந்தர்யாவின் நம்பரை எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லி அவர்களும் சொல்லவில்லை.