சர்வேயரின் தோளுக்கு மேலே ஒரு குரல்

சர்வேயருக்குக் கேட்ட குரல் எல்லோருக்கும் கேட்டது. அவருடைய இடது தோளுக்கு ஒரு சாண் மேலே, வெறும் காற்றிலிருந்து, நடுத்தர வயதுப் பெண் ஒருத்தியின் குரலாக அது வந்தது. "நீ அளந்த நிலம் எதுவும் நேரா இல்ல. நீ எதுக்கும் லாயக்கில்ல" என்று காலையில் ஆரம்பித்தால் விளக்கை அணைக்கும்வரை ஓயாது. காலமான மனைவியின் குரலோ என்று சிலர் சந்தேகப்பட்டார்கள். ஆனால் அந்த அம்மாள் வாய் திறந்து பேசியதே அபூர்வம். குரல் வந்து ஒட்டிக்கொண்ட பிறகு சர்வேயர் வேலையை விட்டார், சாப்பாட்டை விட்டார், கடைசியில் உயிரையும் விடப் பார்த்தார். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்த அவருடைய ஒரே மகள் அவரை மனநலக் காப்பகத்தில் சேர்த்துவிட்டு, பஸ்ஸில் அழுதுகொண்டே போனாள்.

காப்பகத்தில் ஒரு விதி இருந்தது. குரல் கேட்கிறது என்று யாராவது சொன்னால், "எனக்குக் கேக்கல, ஆனா உங்களுக்குக் கேக்குதுன்னு நம்புறேன்" என்று ஊழியர்கள் பதில் சொல்ல வேண்டும். ஆமாம் போட்டாலும் தப்பு, மல்லுக்கு நின்றாலும் தப்பு. நல்ல விதிதான், பலரைக் கரையேற்றியிருக்கிறது. டாக்டர் அதிலிருந்து இம்மியும் நகர மாட்டார். ஆகவே குரல் கூடத்தையே அதிர வைத்தபோதும் ஊழியர்கள் காதில் எதுவும் விழாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு அந்த வாசகத்தைச் சொன்னார்கள். குரலை மீறி அதைக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. புதிதாகச் சேர்ந்த ஆண் நர்ஸ் ஒருவர், குரல் மணி கேட்டதற்கு வாய் தவறிப் பத்தேகால் என்று சொல்லிவிட்டார். அவரைச் சலவைப் பிரிவுக்கு மாற்றினார்கள். மற்ற நோயாளிகள் மட்டும் அந்தப் பொம்பளையைக் கொஞ்சம் வாயை மூடச் சொல்லுங்கள் என்று நேர்மையாக முறையிட்டார்கள். அவர்களுக்கு மாத்திரையைக் கூட்டினார்கள்.

மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்ததில் ஒரு மாத்திரை சர்வேயருக்கு வேலை செய்தது. ஒரு காலையில் பல் துலக்கும்போது குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது, அது மட்டும்தான் கேட்டது. அவர் அங்கேயே நின்று அழுதார். குரலோ போகவில்லை. அவர் சட்டை செய்யவில்லை என்றதும் ஆத்திரத்தில் மற்றவர்கள்மேல் பாய்ந்தது. தலைமை நர்ஸ் படுக்கை விரிப்பு மடிக்கும் லட்சணம், டாக்டரின் வழுக்கை, எதையும் விட்டுவைக்கவில்லை. பொறுத்துப் பார்த்த தலைமை நர்ஸ் ஒருநாள் டாக்டரிடம் போய், "சார், அவருக்கு நின்னுபோச்சு, எனக்கு நிக்கல" என்றார். டாக்டர் யோசித்துவிட்டு, தனக்கும் சேர்த்து எல்லா ஊழியர்களுக்கும் அதே மாத்திரையை எழுதினார். ஒரு வாரம் ஊழியர்கள் தூங்கி வழிந்தார்கள், நோயாளிகள் சமைத்துப் போட்டார்கள், குரல் சுறுசுறுப்பாக இருந்தது. காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த டாக்டரின் பக்கத்தில் சர்வேயர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "எனக்குக் கேக்கல டாக்டர். ஆனா உங்களுக்குக் கேக்குதுன்னு நம்புறேன்" என்றார். இதைவிடக் குணமான ஆள் அந்தக் கட்டடத்தில் இல்லை என்பதால் அவரை வீட்டுக்கு அனுப்ப முடிவு செய்தார்கள்.

தலைமை நர்ஸ் மகளைத் தனியாக அழைத்து, குரலும் கூடவே வரும், அவர் காதில் விழாது, உங்கள் காதில் விழும் என்று உள்ளதைச் சொன்னார். இந்தக் குரலால் ஏற்கெனவே இரண்டு வீடுகளைக் காலி செய்தவள் மகள். அப்பா இன்னும் கொஞ்ச நாள் இங்கேயே இருக்கட்டும் என்ற பேச்சு வாய்வரை வந்துவிட்டது. வாசல் பெஞ்சில் அப்பா பையை மடியில் வைத்துக்கொண்டு ஏதோ ஒரு மெட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். "போகாத. உன்ன யாரு பாத்துக்குவாங்க? பெத்த பொண்ணுக்கே நீ பாரம்" என்று அவர் தோளுக்கு மேலே குரல் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டிருந்தது. அக்கம்பக்கத்துக்குக் கேட்கிறதே என்றுதான் அவள் இத்தனை வருஷம் கவலைப்பட்டாள், அது என்ன சொல்கிறது என்று நின்று கேட்டதில்லை. இப்போது கேட்டாள். அப்பாவை நினைத்து நெஞ்சு வெந்தது.

கிட்டே போய், அவருடைய இடது தோளுக்கு மேலே பார்த்து, "நான் பாத்துக்குவேன். இனிமே எதுவா இருந்தாலும் என்கிட்டச் சொல்லு" என்றாள். குரல் முதல்முறையாக வாயடைத்துப்போனது. யாரிடம் பேசுகிறாய் என்று அப்பா கேட்டார். கூட வருகிறவர்களிடம் என்றாள்.

அந்த மாதமே வேறு வீடு பார்த்தார்கள். குடியிருக்கப்போவது எத்தனை பேர் என்று வீட்டுக்காரர் கேட்டதற்கு மூன்று பேர் என்றாள். அவர் இரண்டு பேரைப் பார்த்தார், மூன்றாவது ஆள் படிக்கட்டு செங்குத்தாக இருப்பதாகக் குறை சொன்னதைக் கேட்டார், சாவியை எடுத்துக் கொடுத்தார்.