பக்கிரிசாமியின் தோப்பு சுற்றிய வருடம்

எல்லோரும் சுகமா? இந்த மழையில் வீட்டில் யாருக்கும் காய்ச்சல் சளி இல்லையே? பிள்ளைகள் நேரத்துக்குச் சாப்பிடுகிறார்களா? சரி, நல்லது. 1921ஆம் வருடம் தைப்பூசம் முடிந்த அடுத்த வாரம், பினாங்கில் தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரத்தில் எண்ணெய்ச் செக்கு வைத்திருந்த பக்கிரிசாமியின் மாடு நடப்பதை நிறுத்தியது. அதற்குப் பதிலாக அவருடைய தென்னந்தோப்பு நடக்க ஆரம்பித்தது. வேகமாக இல்லை, மாடு நடக்கிற நடைதான். செவலை என்ற அந்த மாடு கண் கட்டியபடியே அசையாமல் நிற்க, அதன் குளம்புக்கு அடியில் தரை நழுவிப் போனது. நடுவில் செக்கு உரல் சுற்ற, அதோடு கொப்பரை காயும் களம், கிணறு, வீடு, தென்னை எல்லாம் சேர்ந்து சுற்றின. உலக்கை மட்டும் மாட்டோடு நின்றுவிட்டதால் கொப்பரை நசுங்குவதில் குறை ஒன்றும் இல்லை, எண்ணெய் எப்போதும் போல இறங்கியது. அதனால் பக்கிரிசாமி முதலில் கவலைப்படவில்லை. மாட்டை ஓட்டுகிற வேலை மிச்சம் என்று சொல்லி வெற்றிலை போட்டுக்கொண்டார்.

ஊரும் சீக்கிரமே பழகிக்கொண்டது. தபால்காரர் ரோட்டோரம் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, வாசல் சுற்றி வரும்வரை நிற்பார். தோப்பு சதுரம் என்பதால் அதன் மூலைகள் பக்கத்து நிலத்தில் முனுசாமியின் வெற்றிலைக் கொடிக்கால்மேல் போய் வந்தன. ஒரு கொடிகூட ஒடியவில்லை. ஆனால் மூலைத் தென்னை அங்கே போகும் நேரத்தில் விழுந்த தேங்காய் யாருக்கு என்று இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோனது. டவுனில் எண்ணெய்க் கடை வைத்திருந்த காஜா மொய்தீன்தான் கொஞ்சம் யோசித்தார். அந்த எண்ணெய் எத்தனை நாள் வெயிலில் வைத்தாலும் தெளியவில்லை. கசடு அடியில் தங்காமல் மேலும் கீழும் போய் வந்துகொண்டே இருந்தது. அதைத் தலையில் தேய்த்தவர்கள் ஓர் இடத்தில் உட்காரவில்லை. பினாங்கு ஸ்திரீட்டில் செட்டியார்கள் வட்டிக்கு விடும் பெட்டியடி ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த சொக்கநாதன், தேய்த்துக் குளித்த அன்றைக்கே எழுந்து போய், எதிர்க்கரையில் இருக்கும் பிறை ஊருக்குப் போகும் படகில் ஏறி அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்குமாக ஒரு வாரம் போய் வந்தார். காஜா மொய்தீன் இதை வந்து சொல்லிவிட்டு, வியாபாரம் என்னவோ நன்றாகத்தான் நடக்கிறது, வாங்கினவர்களே நிற்க முடியாமல் திரும்பத் திரும்பக் கடைக்கு வருகிறார்கள் என்றும் சொன்னார்.

தாங்க முடியாமல் போனது பக்கிரிசாமியின் மனைவி ஜெயலெட்சுமிக்குத்தான். அவள் அப்போது முழுகாமல் இருந்தாள். இதற்கு முன்னால் இரண்டு பிள்ளை தங்கவில்லை. காலையில் அடுப்புக்கு நேரே மலை தெரியும், கஞ்சி கொதிக்கும்போது கடல் தெரியும், வடிக்கும்போது மறுபடி மலை. சாப்பிட்டது எதுவும் வயிற்றில் நிற்கவில்லை. கம்போங் என்கிற மலாய்க் குடியிருப்பில் இருந்து வந்த மருத்துவச்சி காமாரியா, வயிற்றைத் தடவிப் பார்த்து முகத்தைச் சுருக்கினாள். பிள்ளையும் உள்ளே தோப்போடு சேர்ந்து சுற்றுகிறது, தலை கீழே இறங்க இடம் பிடிக்கவில்லை, வீடு நிற்காவிட்டால் தாயும் இல்லை பிள்ளையும் இல்லை என்று சொன்னாள். தன் வீட்டுக்கு அழைத்துப் போகவும் பார்த்தாள். ஆனால் ஜெயலெட்சுமிக்குச் சுற்றுகிற தரை பழகிப்போய், நிற்கிற ரோட்டில் கால் வைத்ததும் மயங்கி விழுந்தாள். தூக்கிக்கொண்டு திரும்பி வருவதற்குள் வாசல் போய்விட்டது. அது வரும்வரை அவளை வேலியோரம் கிடத்தி முந்தானையால் விசிறினார்கள்.

பக்கிரிசாமிக்கு அன்றைக்குத்தான் பயம் வந்தது. மாட்டை அடித்துப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். கண் கட்டை அவிழ்க்கப் போனால் முடிச்சு அவிழவில்லை, கத்தி வைத்தாலும் நூல் அறவில்லை. ஜெயலெட்சுமி சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து அந்தத் துணியைக் கிட்டத்தில் பார்த்தாள். எண்ணெயும் அழுக்கும் ஏறி நிறம் மாறியிருந்தாலும் அது மஞ்சள் துணி. ஓரத்தில் ஒரு காசு முடிந்திருந்தது.

"இது யாருக்காக முடிஞ்சது?"

பக்கிரிசாமி மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னார். நாகப்பட்டினத்தில் இருந்து கப்பலில் வரும்போது அவளுக்குக் காய்ச்சல் கண்டு பேச்சு நின்றுபோனது. அவள் பிழைத்தால் தண்ணீர்மலைக்குக் காவடி எடுக்கிறேன் என்று அன்றைக்குக் காசு முடிந்தார். அவள் பிழைத்தாள். ஆனால் தைப்பூசம் வந்தால்தான் ஊருக்கெல்லாம் விளக்குக்கும் தலைக்கும் எண்ணெய் வேண்டும். செக்கை விட்டு அவர் எப்படி நகருவார்? அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று தள்ளிக்கொண்டே வந்தார். இந்த வருடம் அவசரத்தில் மாட்டின் கண் துணி கிழிந்தது, கையில் அகப்பட்டதை எடுத்துக் கட்டினார்.

"அப்ப எனக்கு நேர்ந்ததைச் சுமக்கிறது நீங்க இல்ல, செவலைதான்," என்றாள் ஜெயலெட்சுமி. "மாட்டுக்கு இருக்கிற ரோஷம் கூட உங்களுக்கு இல்லையே."

"வர்ற தையில கண்டிப்பா எடுக்கிறேன் புள்ள."

"தை வரைக்கும் உங்க புள்ள காத்திருக்குமா? நீங்களே கேட்டுப் பாருங்க."

அவள் கை வைத்ததும் முடிச்சு அவிழ்ந்தது. துணியை அவரிடம் நீட்டினாள். பக்கிரிசாமி கிணற்றடிக்குப் போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து, மாட்டின் கழுத்தில் இருந்த நுகத்தடியைக் கழற்றித் தன் தோளில் வைத்தார். மஞ்சள் துணியால் தன் கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். முதல் அடி எடுத்து வைத்ததும் தோப்பு நின்றது. திண்ணையில் எண்ணெய் டின்னோடு காத்திருந்த காஜா மொய்தீன் முன்பக்கமாகக் குப்புற விழுந்தார், கோழிகள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. காமாரியா உடனே வெந்நீர் போடச் சொன்னாள்.

காலையில் இருந்து சாயங்காலம் வரை அவர் செக்கைச் சுற்றினார். தோள் தோல் உரிந்தது.

"பக்கிரி அண்ணே, கொஞ்சம் உக்காருங்க லா, நான் பிடிச்சுக்கிறேன்," என்று காஜா மொய்தீன் கூடவே நடந்து சொன்னார்.

"இது தோள் மாத்துற சுமை இல்ல பாய்."

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பெண் குழந்தை அழுதது. அவர் கண் கட்டை அவிழ்த்தபோது கால் இரண்டும் முழங்கால் வரை நனைந்திருந்தன, விரல் இடுக்கில் தண்ணீர்மலை அருவிப் பாறையின் பாசி ஒட்டியிருந்தது.

மறுநாள் மலைக்கோயில் குருக்கள் இறங்கி வந்தார். படியெல்லாம் தேங்காய் எண்ணெயில் பாதத் தடம், வழுக்குகிறது, யாராவது வந்து துடைத்துக் கொடுங்கள் என்றார். ஏறின தடம் மட்டும் உண்டு, இறங்கின தடம் இல்லை என்றும் சொன்னார். ஜெயலெட்சுமி பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே, "அப்ப இவரு இன்னும் மேலதான் இருக்காரு," என்றாள். துடைக்க செவலையை முன்னால் விட்டுக்கொண்டு காஜா மொய்தீனும் முனுசாமியும் போனார்கள்.

வீடு நின்றபோது வாசல் மலைப்பக்கம் நின்றுவிட்டது, ரோட்டைப் பார்த்தது அடுப்படி. யாரும் மாற்றவில்லை, விருந்தாளிகள் அடுப்படி வழியாக வந்து, என்ன குழம்பு என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்கள். செவலை பழையபடி நடந்தது, எண்ணெய் தெளிந்தது. பக்கிரிசாமி செக்கடியில்தான் இருந்தார், ஆனால் சாப்பாட்டுக்கு அழைக்க வேண்டுமென்றால் ஜெயலெட்சுமி வாசலுக்குப் போய், மலையைப் பார்த்து, "ஏங்க, சோறு ஆறுது" என்று குரல் கொடுப்பாள். அவர் அவளுக்குப் பின்னால் இருந்து, "இதோ இறங்குறேன்" என்பார்.

உங்கள் பக்கத்திலும் வாசல் திரும்பின வீடு, செலுத்தாத நேர்த்தி, உட்கார விடாத எண்ணெய் ஏதாவது இருந்தால் எழுதுங்கள். யார் வீடு, எந்தப் பக்கம் திரும்பியது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.