தட்டுச் சத்தம்

"ஒனக்குப் புலின்னா பயமா?"

ஜோசப்பின் டீச்சர் ஒரு நாள் தேயிலைத் தோட்டத்தில் வீரம்மாவின் ஒற்றையறை லயக் காம்பராவுக்கே வந்து, அவள் மகள் லோஜினியிடம் கேட்ட கேள்வி அது. லோஜினி தலையை ஆட்டினாள். அது ஆமாவா இல்லையா என்று டீச்சருக்கு விளங்கவில்லை. பொகவந்தலாவையில் தோட்டப் பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் படிப்பித்தவர் அவர். ஒன்பதாம் வகுப்போடு நின்றுபோகும்வரை அந்தப் பிள்ளை வகுப்பில் வாய் திறந்தது கிடையாது.

மகளுக்காக வீரம்மா பதில் சொன்னாள். "புலிக்குப் பயந்தா நாங்க எப்புடிங்க டீச்சர் கொழுந்தெடுக்கிறது? போன மாசம்கூட ஆறாம் நம்பர் மலையில குட்டியோட படுத்திருந்துச்சு. தகரத்தத் தட்டுனோம். எந்திரிச்சுப் போயிருச்சு. அம்புட்டுத்தான்."

டீச்சர் சிரித்தார். அன்றே முடிவாகிவிட்டது. டீச்சரின் கணவர் ஜூட்சன் பொட்ஸ்வானாவில் கணக்காளர். நான்கு வயது மிலானைப் பார்த்துக்கொள்ள அவர்களுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. போன ஏழாம் மாதமே டிசம்பரில் அங்கே சஃபாரி போக இடம் பிடித்துவிட்டார்களாம். பன்னிரண்டு நாள் லொறியில் காட்டுக்குள் பயணம், கூடாரத்தில் படுக்கை. அதனால்தான் புலிக் கேள்வி; தோட்டத்தில் சிறுத்தைக்கும் புலி என்றுதான் பேர்.

லொறி என்றால் கொழுந்து ஏற்றும் லொறி மாதிரி இல்லை. ஆள் உயரத்தில் ஜன்னல், உள்ளே இருக்கைகள், பக்கவாட்டில் அலுமாரி போல அடுக்கடுக்கான கதவுகள். ஒரு கதவைத் திறந்தால் அடுப்பு, இன்னொன்றில் கூடாரங்கள். ஜெர்மன்காரர்கள் எட்டுப் பேரோடு இவர்கள் நான்கு பேர். வழிகாட்டி ஒலெபிலே நெட்டையான மனுஷன். கால் கொஞ்சம் இழுக்கும். விடிந்ததும் ஒரு பலகையில் எழுதியிருப்பதைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவான்: இவர் கூடாரம் மடிக்க, இவர் தட்டுக் கழுவ.

"லோஜினி, இங்கயும் காலையில பேர் கூப்பிட்டு வேல பிரிக்கிற பெரட்டு இருக்கு பாத்தியா?" என்றார் ஜூட்சன் சேர். "காசு கட்டி வந்து பெரட்டுக்கு நிக்கிற கூட்டம் உலகத்துலயே இதுதான். எங்க அப்பா பாத்திருந்தா செருப்பால அடிச்சிருப்பாரு."

அவரும் லயத்தில் பிறந்தவர்தான். கழுவிய தட்டுகளைத் துடைக்கத் துணி கிடையாது, கையில் பிடித்து விசிறித்தான் காயவைக்க வேண்டும். சேர் இரண்டு கையிலும் தட்டோடு கோழி மாதிரி சிறகடித்துக் காட்டுவார். மிலான் விழுந்து விழுந்து சிரிப்பான். லோஜினியும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பாள்.

முதல் நாள் மாலை நெருப்பைச் சுற்றி உட்காரவைத்து ஒலெபிலே வெகுநேரம் பேசினான். எல்லாம் ஆங்கிலம். உதட்டில் விரலை வைத்தான். காலால் மண்ணில் ஒரு கோடு கிழித்து, அந்தக் கோட்டைத் தண்ணீர் என்று காட்டி, நடுவில் நின்று, வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு கையையும் அசைத்தான். லோஜினி டீச்சரைப் பார்த்தாள். டீச்சரின் மடியில் மிலான் தூங்கிவிட்டிருந்தான். அவருக்கும் கண் சொருகியது.

"புலி வந்தா ஓடாதேங்கிறான். வேற ஒண்ணுமில்ல" என்றார் டீச்சர்.

இவ்வளவு நேரமும் அதையா சொன்னான் என்று கேட்க நினைத்தாள் லோஜினி. கேட்கவில்லை. டீச்சரிடம் அவள் எதையும் திருப்பிக் கேட்டதில்லை.

நான்காம் நாள் ஓர் ஆற்றங்கரையில் தங்கினார்கள். தண்ணீருக்கு மேலே காதுகளும் கண்களும் மட்டும் தெரிந்தன.

"அந்தா நீர்யானை" என்றார் சேர்.

லோஜினி எட்டி எட்டிப் பார்த்தாள்.

"என்ன, தும்பிக்கையத் தேடுறியா? அதெல்லாம் இல்ல. அம்மாகிட்டப் போய், நீர்யானைன்னா ரெண்டு காதுன்னு சொல்லிறாத."

மறுநாள் விடியும்போது மிலான் ஒன்றுக்கு வருகிறது என்று எழுப்பினான். அவனைக் கூடாரத்துக்குப் பின்னால் நிறுத்திவிட்டு லோஜினி நிமிர்ந்தபோது, இருபது அடியில் ஒன்று புல் மேய்ந்துகொண்டிருந்தது. உரித்த பன்றி மாதிரி, ஆனால் தண்ணீர் பவுசர் லொறி அளவுக்கு. தும்பிக்கை இல்லை, கொம்பில்லை. முந்தின நாள் தண்ணீரில் பார்த்த காதுகள் இதனுடையவை என்று அவளுக்குத் தோன்றவில்லை. அது தலையைத் தூக்கிப் பிள்ளையைப் பார்த்தது.

கழுவிக் கவிழ்த்திருந்த அலுமினியத் தட்டு ஒன்று கையருகே இருந்தது. கரண்டியும் இருந்தது. மலைக்குள் இறங்குமுன் அம்மாவும் மற்றப் பெண்களும் தட்டுவதைப் போல அவள் தட்டினாள். விடாமல் தட்டினாள். "போ! போ!" என்று மிலான் கை கொட்டினான்.

அது போனது. லொறி கிளம்பிய மாதிரிப் போனது, நேரே ஆற்றைப் பார்த்து.

ஜூட்சன் சேர் பல் துலக்கும் கோப்பையோடு கரையில் நின்றிருந்தது அவளுக்குத் தெரியாது. நாணல் மறைத்திருந்தது. அவருடைய குரல் ஒரு தடவைதான் கேட்டது.

ஆஸ்பத்திரி இருந்த ஊருக்கு நான்கு மணி நேரம். பாதி வழியில் லொறி மெதுவாக ஓடத் தொடங்கியது. அதற்குப் பிறகும் ஒலெபிலே சேரின் தலையைத் தன் மடியிலிருந்து இறக்கவில்லை.

மறுநாள் அவன் ஒவ்வொருவர் முன்னாலும் வந்து நின்று, உள்ளங்கையில் மற்றக் கையால் தட்டிக் காட்டிக் கேட்டான். யார் தட்டியது? லோஜினி தன் கைகளை மிலானின் சட்டைக்குள் விட்டுக்கொண்டாள். டீச்சர் ஆங்கிலத்தில் கத்தினார். பொய்காரன் என்கிறார் என்பது மட்டும் லோஜினிக்கு விளங்கியது.

ஹட்டனில் சேரை அடக்கம் செய்து, முப்பத்தோராம் நாள் பூசையும் முடிந்தது. அந்த வாரம் டீச்சர் மறுபடி லயத்துக்கு வந்தார். முதல் தடவை உட்கார்ந்த அதே கதிரையில் உட்கார்ந்தார். வீரம்மா பாலில்லாத பிளேன்டி ஊற்றி வைத்தாள். டீச்சர் அதைத் தொடவில்லை. பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து லோஜினி முன்னால் வைத்தார்.

"அந்த வழிகாட்டிய வேலைய விட்டு நிப்பாட்டி வச்சு விசாரிக்கிறாங்க. கவனமா இருங்கன்னு அவன் எங்களுக்கு ஒரு வார்த்த சொல்லல. இப்ப யாரோ தகரம் தட்டுனாங்களாம், அதான் மிரண்டு ஓடிச்சாம். ஜெர்மன்காரங்க எல்லாம் தூக்கம். நீ ஒருத்திதான் முழிச்சிருந்த. அவன் ஒரு வார்த்த சொல்லல, எந்தச் சத்தமும் கேக்கலன்னு எழுதியிருக்கேன். கையெழுத்துப் போடு. அவன் இனிமே யாரையும் காட்டுக்குள்ள கூட்டிட்டுப் போகக் கூடாது."

லோஜினி பேனையைக் கையில் எடுத்தாள். கடிதத்தில் ஒலெபிலேயின் பெயர் நான்கு இடத்தில் இருந்தது. பள்ளிக்கூட உடுப்பில் நின்ற அவனுடைய இரண்டு பெண் பிள்ளைகளின் படத்தை அவன் ஒரு தடவை போனில் காட்டியிருந்தான்.

"போடேன்டி" என்றாள் வீரம்மா. "டீச்சர் எம்புட்டு நேரம் இருப்பாங்க?"

"நாந்தான் டீச்சர் தட்டுனேன்."

"என்னடி ஒளர்ற?" வீரம்மா மகளின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "டீச்சர், அவளுக்குக் காய்ச்சலுங்க. ராத்திரியெல்லாம் இப்புடித்தான்..."

"காய்ச்சல் இல்ல. அது தம்பிக்குக் கிட்ட நின்னுச்சு. மலையில தட்டுற மாதிரி தட்டுனேன். போயிரும்னு நெனச்சேன். சேர் அங்க நின்னது தெரியாது."

டீச்சர் அவள் கையிலிருந்த பேனையைப் பிடுங்கினார்.

"அன்னைக்கு நெருப்புக்கிட்ட ஒக்காந்து அவன் படிச்சுப் படிச்சுச் சொன்னானே! சத்தம் போடாதீங்க, அது கரையில நின்னா தண்ணிக்கும் அதுக்கும் நடுவுல யாரும் போகாதீங்கன்னு அவன்..."

டீச்சர் பாதியில் நிறுத்தினார். ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று எழுதிய கடிதம் மேசைமேல் கிடந்தது.

வகுப்பில் கேள்வி கேட்டால் எழுந்து நிற்பதைப் போல லோஜினி எழுந்து நின்றாள்.

"எங்கிட்ட நீங்க, புலி வந்தா ஓடாதேன்னு மட்டுந்தான் டீச்சர் சொன்னீங்க."

தகரக் கூரையில் மழை இறங்கியது. வீரம்மாவின் கை மகளின் தோளிலேயே நின்றுவிட்டது.

டீச்சர் கடிதத்தை எடுத்தார். ஒரு தடவை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்துப் பைக்குள் வைத்தார். வாசலில் சாத்தியிருந்த குடையைக் கையில் எடுத்து, அதை விரிக்காமலே படியிறங்கி, மழையில் ரோட்டைப் பார்த்து நடந்தார்.